முழுமர யுகுலேலே: பார்த்து வாங்குவதும் பழுதில்லாமல் வைத்திருப்பதும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பழைய வீடுகளில் மரக்கதவு சாத்த வராது. நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும். பங்குனி வெயிலில் அதே கதவு லொடலொடவென்று ஆடும், பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அறுத்து, இழைத்து, ஐம்பது வருஷம் ஆன பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால், கிட்டார் மாதிரியான சின்ன நாலு தந்திக் கருவியாகிய யுகுலேலேவை, அதிலும் முழுமர யுகுலேலேவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்த மாதிரி. கதவாவது ஒரு அங்குலத் தடிமன். யுகுலேலேவின் மேல்பலகை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான்.

அதனால்தான் புதிதாக வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் மரத்தின் பெயரையோ பிராண்டையோ பேசுவதில்லை. எந்த ஊரில் இருக்கிறீர்கள், அறையில் ஏசி உண்டா, கருவியை எங்கே வைப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்களுக்கு முழுமரம்தான் வேண்டுமா?

கடையில் கிடைப்பவை மூன்று வகை. மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது லேமினேட். மேல்பலகை மட்டும் ஒரே மரமாகவும் முதுகும் பக்கங்களும் லேமினேட்டாகவும் இருப்பது ‘சாலிட் டாப்’. எல்லாமே ஒட்டில்லாத மரப்பலகை என்றால் ‘ஆல் சாலிட்’.

லேமினேட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். அதில் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பார்கள். ஒரு தாள் விரியப் பார்த்தால் அடுத்தது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழை, வெயில், ரயில் பயணம், பிள்ளைகளின் கை எல்லாவற்றையும் தாங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றாலும், பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்கத்தான் என்றாலும் நல்ல லேமினேட் ஒன்றே போதும்.

நாலைந்து மாதம் வாசித்து, இனி இது நம் கூடவே இருக்கும் என்று தெரிந்த பிறகு முழுமரத்துக்கு வாருங்கள். ஒட்டு அடுக்குகள் இல்லாத பலகை லேசாக இருக்கும், தாராளமாக அதிரும். மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தந்தியைத் தட்டினால் முதுகுப்பலகை உங்கள் மேல் அதிர்வது தெரியும். மெதுவாகத் தட்டினால் ஒரு குரல், அழுத்தித் தட்டினால் வேறு குரல். அந்த வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம்.

மெல்லிய பலகை வந்த வழி

1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஹொனலுலுவில் வந்து நின்றது. அதில் வந்தவர்களில் மூன்று பேர் மரவேலைக்காரர்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சான்டோ. தங்கள் ஊரின் ‘மஷேட்’ என்ற சிறிய நாலு தந்திக் கருவியை ஹவாய்க்காரர்களுக்குப் பிடித்த மாதிரி அவர்கள் செய்து கொடுக்கத் தொடங்கினார்கள். கலாகவுவா மன்னருக்கு அது மிகவும் பிடித்துப்போக, அரண்மனை விருந்துகள் வரைக்கும் போய்விட்டது. அந்தத் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் கோவா மரம்தான் இன்றுவரை யுகுலேலேவின் தாய்மரம். 1916-இல் தொடங்கிய கமாகா குடும்பத்துப் பட்டறை இப்போதும் ஹொனலுலுவில் அதே மரத்தை இழைத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1907-இல் முதன்முறை யுகுலேலே செய்தபோது கிட்டார் கட்டும் பழக்கத்தில் ஸ்ப்ரூஸ் மேல்பலகை வைத்து, உள்ளே பலமாகக் கட்டை கொடுத்துவிட்டது. ஒலி எழவில்லை. 1916-இல் மஹோகனியில் இலகுவாகக் கட்டிய பிறகுதான் நன்றாக விற்றது. பலகை மெலிந்தால்தான் இந்தக் கருவி பேசும். ஈரக்காற்றும் வறண்ட காற்றும் அதை உடனே பாதிப்பதும் அதே மெலிவால்தான்.

முழுமரமா என்று கண்டுபிடிப்பது

நான் முதலில் வாங்கியது ‘முழு மஹோகனி’ என்று சொல்லித்தான் என் கைக்கு வந்தது. வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒலித்துளையின் விளிம்பில் மூன்று அடுக்கு தெரிந்தது. மேலேயும் கீழேயும் சிவப்பு, நடுவில் வெளிறிய ஒரு பட்டை. வெட்டிய பிளைவுட் ஓரம் எப்படி இருக்குமோ அதேதான். அன்றைக்கு இருந்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது. வேறு யாருக்கும் அது வர வேண்டாம் என்றுதான் இந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகை அந்த விளிம்பில் மடிந்து, பலகையின் தடிமன் வழியாக அப்படியே கீழே இறங்கினால் அது ஒரே மரம். ரேகை மேலோடு நின்று விளிம்பில் படுக்கைக் கோடுகள் தெரிந்தால் லேமினேட். சில கருவிகளில் விளிம்பை ஒரு வளையம் வைத்து மூடியிருப்பார்கள் அல்லது சாயம் பூசியிருப்பார்கள். அப்போது முதுகைப் பாருங்கள். வெளியே தெரியும் ஒரு கணுவையோ கருத்த ரேகையையோ அடையாளம் வைத்துக்கொண்டு, துளை வழியாகப் போன் டார்ச்சை அடித்து உள்ளே அதே இடத்தில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முதுகும் முழுமரம்.

இணையத்தில் வாங்கும்போது விவரத்தை எழுத்து விடாமல் படியுங்கள். ‘மஹோகனி பாடி’ என்று மட்டும் இருந்து ‘சாலிட்’ என்ற சொல் இல்லையென்றால் லேமினேட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சாலிட் மஹோகனி டாப்’ என்றால் மேல்பலகை மட்டும்தான். முதுகும் பக்கமும் சேர்த்துச் சொல்லாதவரை ஆல் சாலிட் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஒலித்துளை விளிம்பின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அளவும் மரமும்

அளவு விஷயம் சுலபம். தந்தி அதிரும் நீளத்தை வைத்துச் சொன்னால் சோப்ரானோ சுமார் 35 செ.மீ., கான்செர்ட் 38, டெனர் 43, பாரிட்டோன் 50. சோப்ரானோவில் ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) நெருக்கமாக இருப்பதால் பெரிய கைக்கு இடிக்கும். பாரிட்டோனுக்கு ஸ்ருதியே வேறு, அதை முதல் கருவியாக வாங்க வேண்டாம். பெரியவர்களுக்கு நான் சொல்வது கான்செர்ட். தனி ஸ்வரங்களாக நிறைய வாசிக்க ஆசை என்றால் டெனர். ஹவாயின் புகழ்பெற்ற யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோவின் கையில் பார்ப்பது டெனர்தான்.

மரத்தில் கோவா அழகும் விலையும் கூடியது. அது அக்கேசியா இனம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட பிளாக்வுட் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். மலைக்காரர்கள் சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் அதே இனம்தான். கோவா எட்டாத பட்ஜெட்டில் ‘அக்கேசியா’ என்று விற்பதைத் தயங்காமல் பார்க்கலாம். மஹோகனி இதமான, அடங்கிய குரல். கூடப் பாடுகிறவர்களுக்கு நன்றாக ஒத்துவரும். ஸ்ப்ரூஸ் பளிச்சென்று தூரம் போகும். சீடார் மென்மையானது, நகம் பட்டாலே தடம் விழும். மாமரத்திலும் யுகுலேலே செய்கிறார்கள், ஹவாயிலேயே செய்கிறார்கள். நம் வீட்டு ஜன்னலுக்கும் பெட்டிக்கும் போன மரம் இவ்வளவு இனிமையாகப் பேசுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மரத்தின் பெயரைவிடச் செய்த கைதான் முக்கியம். மோசமாகக் கட்டிய கோவாவைவிட ஒழுங்காகக் கட்டிய மஹோகனி எவ்வளவோ மேல்.

வாசிக்கத் தெரியாமலே கடையில் சோதிப்பது

யுகுலேலேவின் நாலு தந்திகளும் முகத்துக்குப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி ஜி, சி, ஈ, ஏ. சி என்பது நம் கணக்கில் ஒரு கட்டை. அதை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டால் நாலு தந்திகளும் ப, ஸ, க, த. வழக்கமாகத் தந்தி கட்டும் முறையில் முதல் ‘ப’ தந்தியும் கீழ்ஸ்தாயி இல்லை, மற்றவற்றோடு அதே ஸ்தாயியில்தான் இருக்கும். ரிஷபம் ஒன்று சேர்ந்தால் மோகனம் முழுசாக வந்துவிடும்! சி தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்துங்கள், அதுதான் ரி. ஏ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட் மேல் ஸட்ஜமம். ஆக, கையில் வாங்கிய ஐந்தாவது நிமிஷம் ஸ ரி க ப த ஸ் என்று ஏறி இறங்கலாம். பயந்துகொண்டு நாலு தட்டு தட்டிப் பார்ப்பதைவிட இது நல்ல சோதனை. ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துவிடுகிறதா, எல்லாம் ஒரே அளவு நீளமாக நிற்கின்றனவா என்று காது உடனே சொல்லிவிடும்.

அப்புறம் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தித் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது ‘ஜிர்ர்’ என்று இரைந்தால் ஃப்ரெட் மட்டமாக இல்லை. பிறகு போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து, வெறும் தந்தியைச் சரியாகச் சேர்த்துவிட்டு 12-ஆவது ஃப்ரெட்டை அழுத்துங்கள். அதே ஸ்வரம் மேல்ஸ்தாயியில் வர வேண்டும். முள் ரொம்ப விலகி நின்றால் அந்தக் கருவி வேண்டாம், ஸ்ருதி என்றைக்கும் முழுசாகச் சேராது.

தந்தியின் உயரத்துக்கு ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ. 12-ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே மூன்று கார்டு தாராளமாகப் போய், நாலாவது லேசாக உரசினால் உயரம் சரி. ஐந்தாறு போகிறது என்றால் விரல் வலிக்கும். உயரத்தைக் குறைத்துத் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைசியாகக் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனை குத்தினால் அந்த மரம் கடையிலேயே காய்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

கருவியோடு சேர்த்து இரண்டு பொருள் வாங்குங்கள்: உறுதியான மூடுபெட்டி, சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். பிந்தியது காற்றில் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும் சாதனம், தீப்பெட்டி அளவில் கிடைக்கும். முழுமரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் சுகமான இடம். 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் கவலை இல்லை.

மலிவான ஹைக்ரோமீட்டர்கள் தப்பாகவும் காட்டும். சரிபார்க்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் தூளுப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமணல் பதத்துக்கு வையுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை எப்போதும் 75 சதவீதத்தில் பிடித்துவைக்கும். காலையில் 70 காட்டினால் உங்கள் சாதனம் 5 குறைவாகக் காட்டுகிறது என்று அர்த்தம். பின்பக்கம் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘+5’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

ஊருக்கு ஊர் காற்று

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரம் 70, 80 என்று நிற்பது சாதாரணம். அங்கே மேல்பலகை உப்பும், தந்தி உயரம் ஏறும், ஒலி மந்தமாகும், பூஞ்சையும் வரலாம். இதெல்லாம் மெதுவாக நடப்பது, பெரும்பாலும் திரும்பச் சரியாகிவிடும். வெடிப்பு வருவது திடீர் வறட்சியால்தான்.

என் கான்செர்ட் வெடித்தது ஒரு மே மாதம். பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும், ராத்திரி ஏசி ஓடும், யுகுலேலே ஏசிக்கு எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கும். ஏசி அறையைக் குளிர்விக்கும்போது காற்றிலுள்ள ஈரத்தையும் உருவித் தண்ணீராக வெளியே சொட்டவிடுகிறது. பகலில் குடித்து உப்பிய மரம் ராத்திரியில் அவசரமாகக் காய வேண்டும். பல நாள் இப்படியே நடந்து, ஒரு காலை பார்த்தால் பிரிட்ஜுக்கு, அதாவது மேல்பலகையில் தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டைக்குக் கீழே ரேகையோடு ரேகையாக ஒரு முடியளவு கோடு. முதலில் கீறல் என்று நினைத்து விரலால் துடைத்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் அது உள்ளே வரை போயிருப்பது தெரிந்தது.

வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் முழுசாகக் கட்டுப்படுத்தக்கூடிய மிகச் சின்ன அறை அந்தப் பெட்டிதான். அதற்குள் 49 சதவீதத்துக்கு வரும் இருவழி ஈரப்பொட்டலம் ஒன்றைப் போடலாம். காற்று காய்ந்தால் ஈரம் விடும், நனைந்தால் உறிஞ்சும். உறை விறைத்துக் கட்டியானதும் மாற்ற வேண்டும். கடலோர ஊரில் இதைவிட மலிவு, ஈரம் உறிஞ்சும் மணிகளான சிலிகா ஜெல். நிறம் மாறும் வகையாக வாங்கினால் நிறைந்ததும் தெரியும், சூடு காட்டி மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால் பக்கத்தில் ஹைக்ரோமீட்டர் இருக்கட்டும். எண் 45-க்குக் கீழே இறங்கினால் சிலிகா ஜெல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

டொரன்டோ, லண்டன் பக்கம் இருப்பவர்களுக்குக் கதை நேர்மாறு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரம் 20-களுக்கும் இறங்கிவிடும். அங்கே பெட்டிக்குள் ஈரம் சேர்க்க வேண்டும். துளை போட்ட சோப்பு டப்பாவுக்குள் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, கழுத்துக்குக் கீழே உள்ள காலி இடத்தில் வைத்தாலே பெரிய உதவி. சொட்டு நீர்கூட மரத்தில் படக் கூடாது.

கருவியை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் பீரோவின் தலைமேல் சித்திரை மாதம் கை வைத்துப் பார்த்தால் அங்கே எவ்வளவு சூடு என்று தெரியும். மழை ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுப் போகவே போகாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் கழன்று வந்துவிடும்.

மரம் காய்கிறது என்று அதுவே சொல்லும். ஃப்ரெட் முனைகள் குத்தும், தந்தி தாழ்ந்து இரைய ஆரம்பிக்கும், பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் பலகை பள்ளமாகத் தெரியும். லேசான மேடு இருப்பது இயல்பு, பள்ளம் இயல்பில்லை.

துடைப்பதும் எண்ணெயும்

கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுப்பது, வாசித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் தந்தியையும் உடலையும் ஒரு துடை துடைப்பது. தினசரிப் பராமரிப்பு அவ்வளவுதான். கொசு விரட்டி க்ரீம் தடவிய கையோடு மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் போன்ற ரசாயனம் வார்னிஷைக் கரைத்து, கை பட்ட இடத்தில் பிசுபிசுவென்று தடம் பதித்துவிடும். சானிடைசரும் அப்படித்தான். மேசை நாற்காலிக்கு அடிக்கும் பாலிஷும் வேண்டாம்.

ஃப்ரெட்டுகள் பதித்திருக்கும் விரல்பலகை வெளிறிக் காய்ந்து தெரிந்தால் மட்டும், ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை, அதற்கென்று விற்கும் எண்ணெயில் இரண்டு சொட்டைத் துணியில் தொட்டுத் தடவி, ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கெட்டு வாடை வரும், நல்லெண்ணெய் பிசினாகும். இரண்டும் வேண்டாம்.

தந்தி மாற்றுவது

யுகுலேலே பிறந்த காலத்தில் அதற்குக் குடல்தந்தி கட்டினார்கள். இன்றைக்கு நைலான், ஃப்ளூரோகார்பன், குடல்தந்தி மாதிரி ஒலிக்கச் செய்த செயற்கைத் தந்தியான நைல்கட் என்று மூன்று வகை. எல்லாமே இழுவை குறைந்தவை. ஸ்டீல் கம்பியைக் கட்டினால் இந்த மெல்லிய பலகை தாங்காது, பிரிட்ஜைப் பிய்த்துக்கொண்டு வரும். தினமும் வாசிக்கிறவர்கள் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். தந்தியின் அடிப்பக்கம் ஃப்ரெட் பட்ட இடத்தில் நகத்துக்குக் குழி தட்டுப்பட்டால் நேரம் வந்துவிட்டது.

நாலையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒன்று ஒன்றாக மாற்றுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டால், முடிச்சு நழுவித் தந்தி முனை பலகையில் அறைவதிலிருந்து தப்பிக்கலாம். என் மேல்பலகையில் அப்படி விழுந்த ஒரு புள்ளி இன்னும் இருக்கிறது. முடிச்சை இறுக்கி, மீதி முனை பிரிட்ஜின் பின்விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி செய்து, மேலே முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்று வரும்படி ஏற்றுங்கள். ஸ்ருதியை எப்போதும் கீழிருந்து மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். புதுத்தந்தி மூன்று நாலு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும், அது பழுது இல்லை.

வெடிப்பு வந்துவிட்டால்

பதறிப்போய் சூப்பர் க்ளூ விடாதீர்கள். அது வார்னிஷைக் கெடுத்துவிடும், பின்னால் ஒழுங்காகப் பழுது பார்ப்பதும் கஷ்டம். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, பெட்டிக்குள் ஈரத்தை 50 சதவீதத்துக்கு மெதுவாகக் கொண்டுவந்து, ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். முடியளவு வெடிப்பு பெரும்பாலும் வாய் மூடிக்கொள்ளும். அதன்பிறகு கிட்டார் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தால் மரப்பசை ஏற்றி, உள்பக்கம் சின்ன மரத்துண்டு ஒட்டிப் பிணைத்துத் தருவார். என்னுடையது அப்படி ஒட்டி வந்ததுதான். கோடு இருக்கிறது, குரலில் ஒரு குறையும் இல்லை.

விமானத்தில் போகும்போது கையோடு கொண்டுபோங்கள், சரக்கில் போடாதீர்கள். தந்தியை ஓரிரு ஸ்வரம் இறக்கிவிட்டால் நல்லது. இறங்கிய ஊர் குளிரோ வெயிலோ, வீடு போய்ச் சேர்ந்ததும் ஆசையாகப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். சில மணி நேரம் மூடியபடியே அறையில் கிடக்கட்டும். பெட்டியும் அறையும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, ஸ்ருதி சேர்த்து வாசிக்கலாம்.